மலைநாட்டுக் கால்நடைகளும் படர்தாமரை நோயும்

இலங்கை மலைநாட்டின் வரலாற்றைப் பங்கசுகளை விலக்கி எழுதுதல் இயலாது. 1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய துருநோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் பெருந்தோட்டங்களை வெறுமையாக்கித் தேயிலைக்கு வழிவிட்டது. 1946 இல் அத்தேயிலையின் இளங்கொழுந்தையே கொப்புளநோய் பற்றிக்கொண்டது. செம்பு கலந்த மருந்தைத் தெளிப்பது அதன்பின் தோட்ட வேலைகளுள் ஒன்றாயிற்று. இவ்விரண்டும் பங்கசுகளே. மூடுபனியும் ஈரமும் அவற்றுக்கு உற்ற துணை, காற்றே வாகனம், கண்ணுக்குப் புலப்படாத வித்திகளாற் பரவுவன. இவற்றை அறியாத தோட்ட உத்தியோகத்தரும் தொழிலாளரும் இலர்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது செடியிலன்றி, லயத்தின் பின்புறத்து மாட்டுப்பட்டியிற் கட்டிநிற்கும் கன்றின் முகத்திற் படர்கின்றது. அதனாற் கொழுந்தில் ஓர் இறாத்தலும் குறைவதில்லை. ஆகவே தோட்டத்துக் கணக்கேட்டில் அதற்கு இடமில்லை. வளர்ப்பவரும், “கன்றுச் சொறிதானே, தன்பாட்டில் மாறிவிடும்” என்று விட்டுவிடுவர். தன்பாட்டில் மாறுவதும் உண்மையே. அவ்வுண்மையினாலேயே அந்நோய் ஒவ்வொரு பட்டியிலும் ஆண்டாண்டாக நிலைத்து, கன்றை விட்டுக் குழந்தையிடம் போகின்றது என்பது எமது கருத்து. மஸ்கெலியாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்திற் கொண்டு, படர்தாமரை எனப்படும் இந்நோயை அறியும் வகையையும் மாற்றும் வகையையும் தடுக்கும் வகையையும் இங்கு எழுதுகின்றோம்.

ஆங்கிலேயர் இதற்கு ‘வளையப் புழு’ என்று பொருள்படும் பெயரிட்டனர். இலத்தீனிலே வழங்கும் பெயரும் துணியரிக்கும் பூச்சியின் புழுவையே குறிக்கும். உண்மையிற் புழு எதுவும் இதில் இல்லை. 1830 களிலும் 1840 களிலும் ஜேர்மனியில் றேமாக், ஷோன்லைன் ஆகியோரும், பரிசிலே தாவீது குறூபி என்பாரும் தலைச்சொறியின் பொருக்கை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துப் பங்கசின் இழைகளைக் கண்டனர். மனிதருடைய நோய்க்கு நுண்ணுயிர் காரணமாதல் கூடும் என்பதற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. பாஸ்ரரும் கொக்கும் புகழ்பெறுவதற்கு முன்னரே நிகழ்ந்தது. தமிழர் இட்ட பெயரோ நோயின் இயல்பை நன்கு காட்டுவது. நீர்மட்டத்திலே இலை விரிவதுபோல, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படர்வதே இதன் நடை.

அவ்வாறு படர்வதற்குக் காரணம் உண்டு. இப்பங்கசின் உணவு கெரற்றின் என்னும் புரதம். தோலின் மேற்படையும், மயிரும், நகமும், கொம்பும் அப்புரதத்தால் ஆனவை. அவை உயிரற்ற பகுதிகளாதலின், பங்கசு உயிருள்ள தசைக்குள் இறங்குவதில்லை. மேலே இருந்தே உண்கின்றது. மயிர்த்தண்டினுட் புகுந்து அதனை நலிவிக்க, மயிர் தோல்மட்டத்தில் முறிந்துவிடுகின்றது. இதற்குள் உடம்பு விழித்துக்கொண்டு அவ்விடத்திற் குருதியோட்டத்தைக் கூட்டி அழற்சியை உண்டாக்கும். அழற்சி மிகுந்த நடுவிடத்திலே பங்கசு வாழமாட்டாது. உண்ணப்படாத புதுத்தோலைத் தேடி வெளியே நகரும். நடு ஆறிவர, விளிம்பு சிவந்து படர, வளையம் தோன்றுகின்றது. மருந்தை நடுவில் மாத்திரம் பூசுவோர் நோய் விட்டுப்போன இடத்துக்கே மருந்திடுகின்றனர் என்பதை இதனால் உணரலாம்.

ஒவ்வொரு பிராணிக்கும் இக்குலத்தில் ஒவ்வோர் இனம் உரியது. மாட்டுக்கு உரியது ரைக்கோபைற்றன் வெருக்கோசம். ஆட்டையும் அதுவே பற்றும். பூனைக்கும் நாய்க்கும் பெரும்பாலும் மைக்கிரோஸ்போரம் கானிஸ். எலியிடமிருந்து வருவதொன்று, மண்ணிலே வாழ்ந்து, மண்ணைக் கிளறும் நாயின் மூக்கையும் பாதத்தையும் பற்றுவதொன்று. கோழியின் கொண்டையில் மாவைத் தூவியதுபோல வெண்பொடி படிவதும் இக்குலத்து நோயே. குதிரைக்கும் பன்றிக்கும் தனித்தனி இனங்கள் உண்டு. எமது லயங்களிலே குதிரை இல்லையாதலின் அதனை விட்டுவிடுவோம். நினைவிற் கொள்ளவேண்டியது இதுவே: மாட்டினதும் பூனையினதும் பங்கசுகள் மனிதரையும் எளிதிற் பற்றும்.

இனி, மஸ்கெலியாவுக்கு வருவோம். ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரைத் தென்மேற்குப் பருவமழை நேரே வந்து தாக்கும். மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை பகலவன் முகத்தைக் காண்பதரிது. ஐரோப்பாவிலே மாட்டுப் படர்தாமரையை மாரிக்கால நோய் என்பர். பனிக்குப் பயந்து மாடுகளைக் கொட்டிலில் நெருக்கி அடைக்கும் மாதங்களிற் பரவி, வேனிலிலே புல்வெளிக்கு விடப்பட்டதும் வெயிலால் ஆறிப்போவது அங்குள்ள வழக்கம். எமது மாடுகளுக்கோ அந்த மாரிக்காலம் ஆண்டு முழுவதும் நீடிக்கின்றது. தேயிலை நிறைந்த மலைச்சரிவில் மேய்ச்சல் நிலம் ஏது? மாட்டைக் கட்டிவைத்து, மலையிலிருந்து இறங்கும்போது புல்லுக்கட்டைத் தலையிற் சுமந்து வந்து போடுவதே வழி. தகரத்தாலும் பழம்பலகையாலும் பட்டியை அமைத்து, வாடைக்காற்றுப் புகாமற் சாக்கைத் தொங்கவிடுவர். கன்றுக்குக் குளிருமே என்று இரங்கி, அதனை இருட்டான மூலையிலே கட்டுவர். அன்பினாற் செய்யும் இவ்வேற்பாடு முழுவதும் பங்கசுக்கு அனுகூலமாக முடிகின்றது. இருட்டு, ஈரம், நெருக்கம், இளந்தோல் ஆகிய நான்கும் ஓரிடத்திற் சேர்ந்துவிடுகின்றன.

இந்நோய் மிகுதியும் கன்றையே பற்றுவதற்குக் காரணம், ஒருமுறை வந்து மாறிய மாட்டுக்கு உறுதியான எதிர்ப்பாற்றல் அமைந்துவிடுவதாகும். தாய்ப்பசு தன் கன்றுப் பருவத்திற் பட்டு மீண்டதாயிருக்கும், கன்றோ புதிது. தீனிக் குறைவும், குடற்புழுவும், விற்றமின் ‘ஏ’ குறைவும் அதனை மேலும் தளர்த்தும். பச்சைப் புல் போதிய அளவு உண்ணும் கன்றுக்கு அவ்விற்றமின் குறைவதில்லை. பாலை முழுவதும் கறந்து விற்றுவிட்டு, வைக்கோலையும் தண்ணீரையும் காட்டி வளர்க்கப்படும் கன்றுக்கே குறையும். பங்கசு படிந்து ஒன்று முதல் நான்கு கிழமைகள் வரையிற் குறி வெளிப்படும். சிலவேளை அதனினும் தாமதிக்கும்.

குறிகளை இனிக் கூறுவோம். மாட்டிலே வளையம் தெளிவாகத் தெரிவதில்லை. கண்ணைச் சுற்றியும், காதடியிலும், கழுத்திலும், தாடையிலும் மயிருதிர்ந்து, சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், தோல்மட்டத்துக்கு மேலே தடித்தெழும்பிய பொருக்குகள் காணப்படும். காய்ந்த சுண்ணாம்புச் சாந்தை விரலால் அப்பியதுபோல இருக்கும். ஓர் ஐந்து சத அளவிலே தொடங்கி உள்ளங்கை அளவுக்கு விரிந்து, ஒன்றோடொன்று கூடிவிடுவதும் உண்டு. பொருக்கைப் பெயர்த்தால் ஈரமான செந்தோல் தெரியும். சிறிது இரத்தமும் கசியலாம். கன்று வழமைபோலத் தின்னும், குடிக்கும், துள்ளும். தினவு பெரிதாக இராது. இந்தக் கடைசிக் குறியைக் கவனித்தல் வேண்டும். ஏனெனில் தோலிலே பொருக்கு எழுவனவெல்லாம் படர்தாமரை அல்ல.

உண்ணியினத்தைச் சேர்ந்த நுண்பூச்சியால் வரும் சொறியிலே தினவு தாங்கமாட்டாது, மாடு தூணிலும் சுவரிலும் உரசிக்கொண்டே நிற்கும். வாலடியும் பின்னங்கால்களும் அதிகம் பாதிக்கப்படும். மழை மிகுந்த மஸ்கெலியாவில் இன்னொரு நோயையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மழைநீர் வழிந்தோடும் முதுகிலே மயிர்கள் கற்றைகற்றையாக ஒட்டிக்கொண்டு, இழுத்தால் பொருக்கோடு தூரிகைபோலக் கழன்று வரும். அடியிலே சீழ் இருக்கும். அது டேர்மற்றோபிலஸ் என்னும் பற்றீரியாவால் வருவது. பங்கசு மருந்தைக் குடங்குடமாக ஊற்றினாலும் அது மாறாது. மிருக வைத்தியர் போடும் பெனிசிலின் வகை ஊசிக்கு அடங்கும். வெண்ணிறத் தோலுள்ள பகுதிகள் மாத்திரம் வெயிலிற் கருகி உரிந்தால், மாடு உண்ணிச்செடியைத் தின்றதோ என்று ஐயுறல் வேண்டும். 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது நாட்டுக்குள் வந்த தோற்கழலை நோயோ வேறுவகை. காய்ச்சலோடு உடம்பெங்கும் உருண்டையான கட்டிகள் எழுந்து, மாடு தீனியை வெறுத்துச் சோர்ந்துவிடும். அதனைக் கண்டால் ஒருநாளும் தாமதியாது அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

பூனையிடத்தும் நாயிடத்தும் நோயை அறிதல் இதனினும் கடினம். குட்டிகளில் காதோரத்திலும் முகத்திலும் முன்னங்காலிலும் மயிர் கொட்டிய வட்டங்கள் தெரியும். வளர்ந்த பூனையோ யாதொரு குறியுமின்றி வித்திகளைத் தன் மயிரிலே சுமந்து திரியக்கூடும். இஸ்தோப்பிலே படுத்துறங்கி, இரவிலே பிள்ளைகளின் போர்வைக்குள் நுழையும் பூனை அது. அமெரிக்கரான றொபேட் வூட் 1903 இல் ஆக்கிய கருங்கண்ணாடி விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கதிர்களை வீசுவது. அதனொளியிலே, மைக்கிரோஸ்போரம் கானிஸ் பற்றிய மயிர் ஆப்பிட் காயின் பச்சை நிறத்தில் ஒளிரும் என்பதைக் கொண்டு 1925 தொடக்கம் அதனை நோயறியப் பயன்படுத்தினர். ஆயினும் அவ்வினத்திலும் எல்லாம் ஒளிர்வதில்லை. மாட்டுப் படர்தாமரை ஒளிர்வதே இல்லை. ஆகவே விளக்கிலே ஒன்றும் தெரியவில்லை என்பதனால் நோயில்லை என்று துணிதல் தவறு. விளிம்பிலுள்ள முறிந்த மயிரையும் பொருக்கையும் சுரண்டி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பது உறுதியான வழி. மயிரைச் சுற்றி மணிமணியாக வித்திகள் ஒட்டியிருத்தலைக் காணலாம். உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர், ஆசிரியர் மேற்பார்வையிற் கையுறையணிந்து, எமது கல்லூரி ஆய்வுகூடத்திலேயே இதனைச் செய்து பார்க்கலாம். பாடநூலிலுள்ள படத்தினும் அது நன்றாக மனத்திற் பதியும். வளர்ப்பு முறையால் இனத்தைத் தெரிதல் ஆய்வுகூடத்தாரின் வேலை. பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிலே 1967 இல் நிறுவப்பட்ட மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பது மலைநாட்டாருக்கு ஒரு வசதி.

பட்டியிலே நடப்பதைப் பார்ப்போம். கன்றிலே தோன்றும் படர்தாமரை ஒன்று முதல் நான்கு மாதங்களிலே மருந்தின்றியும் மாறிவிடும். இக்காரணத்தால், மூன்றாம் மாதத்தில் எவர் எதைப் பூசினாலும் அது கைகண்ட மருந்தாகப் புகழடையும். வேப்பெண்ணெய்க்கும் புகழ், மண்ணெண்ணெய்க்கும் புகழ், லொறியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஒயிலுக்கும் புகழ்! கடைசியாகக் கூறியது பற்றி அழுத்திச் சொல்லல் வேண்டும். மாடு நக்கும் பிராணி. பழைய எஞ்சின் ஒயிலிலே ஈயம் முதலான உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். ஈயத்தால் மாடுகள் கண்ணொளி மங்கி, வலிப்புக் கண்டு மடிவது மிருக வைத்தியர் நன்கறிந்த செய்தி. தானே மாறக்கூடிய தோல்நோயை மாற்றப்போய்க் கன்றையே இழத்தல் எத்துணைப் பேதைமை! தேயிலைக்கும் மரக்கறிக்கும் வாங்கிய பூச்சிமருந்தின் மீதியைக் கன்றின்மேற் பூசுவதும் அதுபோன்றதே.

அளவு கடந்த வைத்தியம் பாமரர்க்கு மாத்திரம் உரியதன்று. தலையிலே படர்தாமரை கண்ட சிறுவருக்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சி மயிரை உதிர்ப்பது ஒருகாலத்தில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சையாக இருந்தது. 1948 தொடக்கம் 1960 வரையில் இஸ்ரேலிலே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவருக்கு இது செய்யப்பட்டது. ஆண்டுகள் சென்றபின் அவர்களிற் பலருக்கு மூளையிலும் தைரொயிட்டுச் சுரப்பியிலும் கட்டிகள் தோன்றின. அவர்களுக்கு நட்டஈடு வழங்க 1994 இல் அந்நாடு சட்டமியற்றியது. இச்சிகிச்சையைச் செய்தவர்கள் கற்றறிந்த வைத்தியர்களே.

தானே மாறும் நோய்க்கு மருந்து எதற்கு என்று கேட்கலாம். கன்று ஆறுவதற்கு நான்கு மாதம் சென்றால், அந்நான்கு மாதமும் அது பொருக்கையும் மயிரையும் உதிர்த்துக்கொண்டே நிற்கும். உதிர்ந்த பொருக்கிலுள்ள வித்திகள் உலர்ந்த மரத்திலும் சுவர் வெடிப்பிலும் ஆண்டுக்கணக்கில் உயிர்தரித்திருக்கும். பூனையின் பங்கசு வீட்டுத் தூசியிலே 18 மாதம் வரை கிடக்கவல்லது. மருந்தின் முதற்பயன் இவ்வுதிர்வைக் குறைத்தலே. கன்று சற்று விரைவாக ஆறுவது அதனோடு சேர்ந்த இலாபம்.

பூசும் முறை வருமாறு. கையுறை இல்லையேற் பொலித்தீன் பையையாவது கையிலே சுற்றிக்கொண்டு, இளஞ்சூட்டுச் சவர்க்கார நீராற் பொருக்கை ஊறவைத்து, மெல்லத் தளர்வனவற்றை மாத்திரம் எடுத்தல் வேண்டும். இரத்தம் வரச் சுரண்டலாகாது. எடுத்த பொருக்கைச் சாணக்குவியலில் எறியாது எரித்துவிடுக. பின்னர், புண்ணிலும் அதன் விளிம்புக்கு வெளியே இரண்டு விரற்கடை தூரம் வரையிலும் மருந்தைப் பூசுக. பொவிடோன் அயடீன் எங்கும் கிடைப்பது. ஆதர் விற்பீல்ட் என்னும் ஆங்கில வைத்தியர் 1907 இல் வகுத்த, நூற்றுக்கு ஆறு பங்கு பென்சோயிக் அமிலமும் மூன்று பங்கு சலிசிலிக் அமிலமும் சேர்ந்த களிம்பு இன்றும் மலிவான நல்ல மருந்தாகும். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசலை மிருக வைத்தியர் தருவாராயின், உடம்பு முழுவதற்கும் அது சிறந்தது. அழுகிய முட்டையின் நாற்றம் ஒன்றே அதன் குறை. முதல் ஐந்தாறு நாட்கள் நாள்தோறும், அதன்பின் கிழமைதோறும், புதுமயிர் முளைக்கும் வரை பூசிவருதல் முறை. கண்ணோரத்தில் எதையும் வைத்தியரைக் கேளாது பூசலாகாது. பாற்பசுவின் மடியிலும் முலைக்காம்பிலும் பட்ட மருந்து பாலிற் கலக்குமாதலால், அங்கும் அவ்வாறே.

எமது முன்னோர் கையாண்ட வண்டுகொல்லியையும் இங்கு குறித்தல் தகும். சிங்களத்தில் எத்தோர எனப்படும் இச்செடி, மெழுகுதிரிபோல நிமிர்ந்த மஞ்சட் பூங்கொத்தை உடையது. அதன் இலையிலுள்ள சில பொருள்கள் பங்கசை அடக்கும் தன்மையின. வெப்பநாடுகள் பலவற்றிலும் மக்கள் தனித்தனியே இதனைக் கண்டறிந்து படர்தாமரைக்குப் பூசி வந்தனர். பச்சையிலையை அரைத்துச் சிறிய புண்ணிலே தடவுவதிற் குற்றமில்லை. உடம்பெங்கும் பரந்த நோய்க்கு அது போதாது.

பூனைக்கு மருந்திடும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அது தன் உடம்பை ஓயாது நக்கும். சலிசிலிக் அமிலக் களிம்பும், பினைல், டெற்றோல் போன்ற வீட்டுக் கிருமிகொல்லிகளும் பூனைக்கு நஞ்சு. இற்றாகொனசோல் முதலிய உண்மருந்துகளை மிருக வைத்தியரே அளவறிந்து கொடுப்பார்.

உண்மருந்துகளுள் மூத்ததான கிறிசியோபுல்வினின் கதை சுவையானது. தேயிலை நாட்டாருக்குப் பொருத்தமானதுங்கூட. 1939 இல் இலண்டனிலே றைஸ்றிக்கும் அவர் துணைவரும் பெனிசிலியம் இனத்துப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, பயனறியாது வைத்திருந்தனர். இங்கிலாந்தின் டோர்செற் மாவட்டத்து வெளியொன்றிலே ஊசியிலை மரக்கன்றுகள் வளராதது ஏன் என்று ஆராய்ந்தோர், அம்மண்ணிலுள்ள பூஞ்சணம் ஒன்று வேறு பங்கசுகளின் இழைகளைச் சுருட்டிவிடும் பொருளொன்றைச் சுரப்பதை 1946 இல் வெளியிட்டனர். அப்பொருளும் கிறிசியோபுல்வினும் ஒன்றே என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. அதனைப் பயிர்நோய்க்கு மருந்தாக்கவே முதலில் முயன்றனர். 1958 இல் கிளாஸ்கோவிலே ஜென்ரில்ஸ் என்பார், படர்தாமரை பற்றிய கினிப்பன்றிகளுக்கு இதனை உண்ணக் கொடுத்தார். மருந்து உள்ளிருந்து மயிர்வேரிலே சேர்ந்து, புதிதாக வளரும் மயிரைப் பங்கசு தின்னாமற் காத்தது. எக்ஸ்-கதிரின் காலம் அத்துடன் முடிவெய்தத் தொடங்கிற்று. கருவுற்ற பூனைக்கு இதனைக் கொடுத்தாற் குட்டிகள் ஊனமாய்ப் பிறக்கும்; பாலும் இறைச்சியும் தரும் பிராணிகளுக்குக் கொடுப்பதைப் பல நாடுகள் தடுத்துள்ளன. ஆகவே கன்றுக்கு மாத்திரை தேடுதல் வேண்டா.

தடுத்தலே இந்நோயில் முதன்மையானது. சோவியத் ஒன்றியத்திலே சார்கிசோவ் என்பாரும் அவர் குழுவினரும் மாட்டுப் படர்தாமரைக்கு உயிர்ப்பங்கசுத் தடுப்பூசி ஒன்றை ஆக்கி, 1970 களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். நோர்வே அதனைப் பெற்று, ஊசியோடு தொழுவங்களைக் கிருமிநீக்கம் செய்தலையும் சேர்த்து ஊரூராக நடத்தி, நோயை ஏறத்தாழ இல்லாமற் செய்தது. அங்கும் ஊசி தனித்து வேலை செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓரிரு கன்று வளர்க்கும் எமது குடும்பங்களுக்கு ஊசி கிட்டுவது அரிது, தொழுவமோ கையிலுள்ளது.

அதற்கேற்ற காலத்தை இயற்கையே வகுத்துத் தந்திருக்கின்றது. மார்கழிப் பூரணை கழிந்து சிவனொளிபாத யாத்திரை தொடங்கினால், தை முதல் பங்குனி வரையில் மஸ்கெலியாவில் வெயில் எறிக்கும். அம்மாதங்களிலே ஒருநாளை ஒதுக்கி, மாட்டையும் கன்றையும் வெளியே கட்டிவிட்டு, சாக்குத் திரைகளைக் கழற்றி எரித்து, பழைய கூளத்தை அப்புறப்படுத்தி, சுவரையும் தூணையும் சவர்க்கார நீராலும் முரட்டுத் தும்புத்தடியாலும் உரசிக் கழுவுதல் வேண்டும். உளுத்த பலகை கழுவுதற்கு அடங்காது, அடுப்புக்கே உரியது. கழுவிக் காய்ந்தபின், துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைப் பத்துப் பங்கு நீரிற் கலந்து பூசலாம். ஆயின், சாணமும் சிறுநீரும் இருக்கும்போது அதனை ஊற்றினால் வித்தி சாகாது, மூச்சையடைக்கும் நச்சுவாயுவே எழும். ஆதலால் முதலிற் கழுவுதல் இன்றியமையாதது. மறுநாள் புதுச்சுண்ணாம்பு அடித்துவிடுக. கூரைத் தகரம் ஒன்றுக்குப் பதிலாக ஒளிபுகும் தகட்டை வைத்தாற் கன்றின் மூலைக்கும் வெளிச்சம் வரும். சாக்கை வாடைக்காற்று வீசும் பக்கத்தில் மாத்திரம் கட்டி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடலாம். மழைக்காலத்திலும் வெயில் கண்ட சிறுபொழுதிலே கன்றை வெளியிற் பிடித்துக் கட்டும் வேலையைப் பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளே செய்துவிடுவர்.

எளிதில் மறந்துவிடப்படுவது கயிறு. ஒரு கன்று வளர்ந்ததும் அதன் கழுத்துக்கயிற்றைக் கழற்றி அடுத்த கன்றுக்குக் கட்டுவர். அண்டைவீட்டாரும் இரவல் கேட்பர். தும்புக்கயிற்றின் புரிகளுக்குள் வித்திகள் நிறைந்திருக்கும். கழுத்தைச் சுற்றி மாலைபோற் படர்தாமரை படர்ந்த கன்றைக் காண்போர் காரணத்தைக் கயிற்றிலே தேடுக. கன்றுக்கொரு கயிறு, பழையதாயின் கொதிநீரில் நன்றாக அவித்து வெயிலிற் காயவைத்தபின்பே வேறொன்றுக்கு. தேய்க்கும் தும்புக்கும் தூரிகைக்கும் இதுவே விதி. வெளியிலிருந்து வாங்கிவந்த கன்றைக் குறைந்தது நான்கு கிழமையாவது தனித்துக் கட்டிக் கவனித்தல் வேண்டும்.

கறப்பவர் மாட்டின் விலாவிலே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கறப்பது வழக்கம். நெற்றியிலும், முன்கையிலும், ஆடவராயின் தாடியிலும் மாட்டுப் படர்தாமரை தோன்றுவது இதனாலேயே. மாட்டிடமிருந்து வந்த பங்கசு மனிதத்தோலிலே பொல்லாத அழற்சியைச் செய்யும். பிள்ளைகளின் தலையிலே அது சீழ்க்கட்டிபோல வீங்கி எழலாம். அதனைக் கட்டியென்று கருதிக் கீறிவிட்டால் நிலையான வழுக்கைத் தழும்பு ஏற்படும். தலைமயிரைப் பற்றிய நோய்க்குக் களிம்பு மாத்திரம் போதாது. வைத்தியர் கொடுக்கும் உண்மருந்தைப் பல கிழமைகளுக்கு இடைவிடாது கொடுத்தல் வேண்டும். மருந்துக்கடையிலே கேட்டு வாங்கும் ‘மூன்றும் கலந்த’ களிம்புகளிலே ஸ்டீரொயிட் சேர்ந்திருக்கும். அது சிவப்பையும் தினவையும் மறைத்து, பங்கசை உள்ளே வளரவிடும். இந்தியாவிலே மனிதருக்கு மனிதர் தொற்றி, எளிதில் மருந்துக்கு அடங்காத புதுவகைப் படர்தாமரை அண்மைக் காலத்திற் பெருகியதற்கு இத்தகைய களிம்புகளும் ஒரு காரணம் என்று வைத்தியர் கருதுகின்றனர். அவ்வினத்துக்கு 2020 இல் ரைக்கோபைற்றன் இண்டோற்றினியே என்று பெயரிட்டனர்.

இம்மலரை வாசிப்போருள் ஆசிரியர் பலர் இருப்பர்; அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலையிலே வட்டமாய் மயிர் கொட்டிய பிள்ளையைப் பின்வாங்கிலே தனித்து இருத்துவதும், அழுக்குப் பிள்ளை என்று வகுப்பறிய ஏசுவதும், மொட்டையடித்து அனுப்புமாறு பெற்றோருக்குக் கட்டளையிடுவதும் சில இடங்களில் இன்னும் நடக்கின்றன. குளித்துத் துவைத்த ஆடையணிந்த பிள்ளைக்கும் கன்றைக் கட்டியணைத்தால் இந்நோய் தொற்றும். மொட்டையடித்தாற் கத்தி மூலம் அடுத்த தலைக்குப் போகலாமே தவிர, மயிர்வேரிலுள்ள பங்கசு போய்விடாது. வைத்தியரிடம் மருந்து தொடங்கிய பிள்ளை பாடசாலைக்கு வருவதற்குத் தடையில்லை; தொப்பியும் சீப்பும் தலையணையும் மாத்திரம் பிறரோடு பகிராதிருந்தாற் போதும். அப்பிள்ளையை அருகழைத்து, வீட்டிலே கன்று உண்டா, அதன் கண்ணோரத்திலே வெள்ளைப் பொருக்கு உண்டா, பூனைக்குட்டி எங்கே படுக்கும் என்று மெதுவாக விசாரித்து, கிடைத்த விடையை ஒரு துண்டிலே எழுதிப் பெற்றோர் கையில் வைத்தியருக்கு அனுப்பிவிடுவது நன்று. இல்லாவிடில், பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க, கன்றும் பூனையும் நோயைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.